தொடவே இல்லை என்று நான் சொன்ன பட்டியல்

மி சானை 'மா சான்' என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டாள். 'மா' பர்மியப் பெண்களுக்கு. மொன் இனத்துப் பெண்ணுக்கு 'மி'. பர்மாவில் எங்கள் மோல்மேனில் தடுக்கி விழுந்தால் ஒரு மொன்காரர்மேல்தான் விழ வேண்டும். ஆனாலும் வங்கியில், ஆஸ்பத்திரியில், வரி அலுவலகத்தில் எல்லாம் 'மா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். மற்ற மொன் பெண்கள் எதற்கு வம்பு என்று எழுந்து போய்விடுவார்கள். இவள் நாற்காலியை விட்டு அசையமாட்டாள். கவுன்டரில் இருக்கிற பெண் மூன்று தரம் கத்தி, நான்காவது தரம் 'மி' என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பாள். அவளோடு ஒரு தரம் வங்கிக்குப் போய் அரை நாள் கெட்டது எனக்கு. அதற்கப்புறம் நான் போவதில்லை.

என் பெயர் பழனியாண்டி. ஊரில் அது யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் 'தான் வின்' என்று எழுதினார்கள், அதுவே நின்றுவிட்டது; சின்னவர்களுக்கு 'கோ தான்', அதாவது தான் அண்ணன். கடலோர ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அதோடு 'நீர்த்துளி இரத்தக் கொடை சங்கம்' என்று ஒன்று நடத்துகிறோம். அதற்குப் பதினோரு வருடமாக நான் செயலாளர். டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு பழைய கணினி, ஆயிரத்து எண்ணூறு பேரின் பட்டியல். யாருக்கு இரத்தம் வேண்டுமென்றாலும் எங்களிடம்தான் ஓடி வருவார்கள். அந்தப் பட்டியலைச் செய்தவள் மி சான்.

அவள் முடோனுக்குத் தெற்கே ரப்பர் தோட்டத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அவள் அண்ணன் தாய்லாந்தில், மஹாசாயில், இறால் உரிக்கிற ஆலையில் இருக்கிறான். முதல் முதலாகக் கைபேசி வாங்கியதும் மி சான் அவனுக்கு மொன் எழுத்தில் நாலு வரி அனுப்பியிருக்கிறாள். அவன் திரையில் வந்தது வெறும் கட்டம் கட்டமாக. வீட்டில் ஏதோ விபரீதம், பாதியில் அறுந்து போயிற்று என்று பயந்து, வேலையை விட்டு வெளியே ஓடி வந்து போன் செய்து அழுதானாம். "சாப்பிட்டியான்னுதான்டா எழுதியிருந்தேன்" என்று இவள் சொல்ல, அவன் அதற்கும் அழுதிருக்கிறான். அந்த வாரமே மி சான் கணினி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தாள். இதை அவள் பெருமையாகச் சொல்லமாட்டாள்; கோபமாகத்தான் சொல்வாள்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று உலகம் பூராவும் ஒத்துக்கொண்ட கணக்கு யூனிகோட். அதில் மொன், கரேன், ஷான் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் நாட்டில் ஸோஜி என்று ஒரு பழைய எழுத்துரு இருந்தது. பர்மிய எழுத்து திரையில் அழகாக வர வேண்டும் என்பதற்காக, மொன்காரருக்கும் கரேன்காரருக்கும் ஒதுக்கிய எண்களை எல்லாம் அது தானே எடுத்துக்கொண்டது. ஊரில் ஒரு கைபேசி பாக்கியில்லாமல் அதுதான். தமிழிலும் ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள் என்று திருச்சியில் இருக்கிற என் மச்சான் சொன்னான். ஆனால் அடுத்த வீட்டுக்காரனின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது இங்கேதான்.

"எங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டு, எங்களையே யாருன்னு கேக்குறீங்க" என்பாள் மி சான்.

"நானா உக்காந்தேன்? நானே நின்னுக்கிட்டு இருக்கேன்" என்பேன் நான்.

சங்கத்துப் பட்டியலை அவள் ஆரம்பத்திலிருந்தே யூனிகோடில்தான் செய்தாள். யார் எந்த எழுத்தில் படிவம் எழுதித் தருகிறார்களோ அந்த எழுத்திலேயே ஏற்றினாள். ஆயிரத்து எண்ணூறில் நாற்பது பேர் மொன் எழுத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் சங்கத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எதற்கு இந்த வீண் வேலை, எல்லாரும் பர்மிய மொழியில் எழுதினால் என்ன என்று நான் முணுமுணுத்ததுண்டு. முணுமுணுத்தது என்ன, உரக்கவே சொன்னேன்.

2019 ஆகஸ்டில் பெரிய வெள்ளம் வந்தது. மி சானின் மடிக்கணினி வீட்டோடு முழுகியது. சங்கத்துப் படிவங்கள் டயர் கடைக்குப் பின்னால் ஒரு பீரோவில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால் கூழ். மிஞ்சியது ஒரு பென் டிரைவ். அதில்தான் பட்டியல். அவள் அதை என் கையில் கொடுத்து, மேலே ஒரு மஞ்சள் சீட்டும் ஒட்டிவிட்டு ஊருக்குப் போனாள். சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பழைய எழுத்துக்கு மாற்ற வேண்டாம்.

மூன்றாம் நாள் ஒரு குழந்தைக்கு டெங்கு. பி பாசிட்டிவ் வேண்டும். பென் டிரைவை எங்கள் பழைய கணினியில் போட்டேன். ஒரு பெயர்கூட ஒழுங்காக வரவில்லை. காலும் கொம்பும் இடம் மாறிக் குப்பையாகக் கிடந்தது. வெள்ளத்தில் இதுவும் போச்சு என்று நினைத்தேன். கோப்பு நன்றாகத்தான் இருந்தது. என் கணினிதான் பழசு. அது எனக்கு அப்போது புத்தியில் உறைக்கவில்லை. எழுத்து மாற்றுகிற நிரல் ஒன்று கணினியில் இருந்தது. அழுத்தினேன். எல்லாப் பெயர்களும் பளிச்சென்று வந்துவிட்டன. சேமித்தேன். ஆள் பிடித்தேன். குழந்தை பிழைத்தது. நான் செய்தது சரி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது. கைபேசிகள், அரசாங்கம், பத்திரிகை எல்லாம். எங்கள் கணினியும் மாறியது. இப்போது பட்டியல் மறுபடியும் குப்பையாகத் தெரிந்தது. அதே நிரலில் இன்னொரு பட்டனை அழுத்திப் பழையபடி திருப்பினேன். எல்லாம் முன்போலவே ஆகிவிட்டது. போய்விட்டுத் திரும்பி வந்ததில் ஒரு கீறல் இல்லை. மி சான் வந்து பென் டிரைவைக் கேட்டாள்.

"கோ தான், இதத் தொட்டீங்களா?"

"தொடவே இல்ல. வச்ச இடத்துல அப்படியே இருக்கு."

இந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்று வரை எனக்கே தெரியாது. அவள் திட்டுவாள் என்ற பயம் பாதி. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள் எழுதிய சீட்டுக்கு நான் கட்டுப்பட வேண்டுமா என்ற வீம்பு பாதி. அவள் நம்பி, அதிலிருந்தே புதுப் பிரதிகள் எடுத்துக்கொண்டாள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். மாடிப்படியில் தடதடவென்று ஓர் ஆள் ஏறி வந்தான். கோ ப்யே ஸோன், சல்வீன் ஆற்றில் மணல் படகில் வேலை செய்கிறவன். லுங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அவன் மனைவி யூஸனாவுக்கு விடிகாலையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்கப்புறம் இரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இரண்டு பை வேண்டும்.

"ரத்த வங்கியில ஒண்ணுகூட இல்லையாம். எடுத்த ரத்தத்தச் சோதிக்கவே ஒரு மணி நேரம் ஆகுமாம். ஒரு மணிக்குள்ள ஆளு வந்து படுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதுக்கு மேல தாங்காதாம்." இதைச் சொல்லிவிட்டு அவன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஓ நெகட்டிவ் எங்கள் பக்கம் ஆயிரத்தில் நாலைந்து பேருக்கு இருந்தால் அதிகம். மி சான் பட்டியலில் தேடினாள். எட்டுப் பேர். நான் ஒரு போனில், அவள் ஒரு போனில். இரண்டு பேர் போன மாதம்தான் கொடுத்தவர்கள். மூன்று பேர் தாய்லாந்தில். ஒருவருக்கு மஞ்சள் காமாலை. ஏழாவது, டாவ் கின் ஸா என்று ஒரு தையல்காரம்மா. சொன்னதும், "இந்தக் கையத் தச்சு முடிச்சிட்டு வர்றேன்" என்றார்.

"தைக்கிறத அப்படியே போட்டுட்டு வாங்கம்மா! கை இல்லாத சட்டைய எவன் கேக்கப் போறான்?" என்று கத்தினேன். அந்தம்மா அப்படியே கிளம்பினார். ஒரு பை ஆயிற்று.

எட்டாவது பேர் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் வரிசையில் இருந்தது. மொன் எழுத்து. போன் எண் செத்துப்போயிருந்தது. சிம் மாற்றிவிட்டார் போல. இங்கே சட்டை மாற்றுகிற மாதிரி சிம் மாற்றுவார்கள்.

"நை சொய் ரொட்" என்று மி சான் வாசித்தாள். "ஊரு... க்வான் லுன். பிலூ தீவுல இருக்கு. பாலத்த தாண்டி இருபது நிமிஷம். ஆள நேர்ல போய்த் தூக்கிட்டு வரணும். வண்டி இருக்கா?"

"இருக்கு."

"எங்க ஊருக்குப் பக்கத்துல க்வான் லீன்னு ஒண்ணு இருக்கு, முடோனுக்குத் தெக்கால. ஒரு நிமிஷம் அதுவோன்னு பாத்தேன். இல்ல, லுன்தான்." அவள் திரையில் எழுத்துக்குப் பின்னால் இருக்கிற எண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்தப் பட்டியல் மட்டும் ஒரு தடவ பழைய எழுத்துக்குப் போயிட்டு வந்திருந்தா செத்தோம். லீன்ல வர்ற எங்க குறி பழைய எழுத்துல கிடையாது. போறப்ப லீன்னு போய், வர்றப்ப லுன்னு வந்து நிக்கும். பர்மிய எழுத்து எல்லாம் பத்திரமா வந்துரும், அதனால யாருக்கும் தெரியவும் தெரியாது. நல்ல வேள, இத நாம தொடல."

தொட்டவன் நான்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். கோ ப்யே ஸோன் கதவருகே என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முன்னால், இந்த ஊரில் பதினோரு வருடச் செயலாளர், எப்படிச் சொல்வது? வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவள் சொன்ன ஊரே சரியாக இருந்துவிட்டால்? லுன் உண்மையிலேயே லுன்னாக இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமே? இப்படி நினைத்துக்கொண்டே வண்டியை உதைத்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது இப்போது.

பாலத்தை அடைந்தபோது பதினொன்று ஐந்து. கீழே சல்வீன் மண்ணும் தண்ணீருமாகக் கலங்கி ஓடியது. மணல் படகுகள் வரிசையாக நின்றன. அதில் ஏதோ ஒன்று கோ ப்யே ஸோனுடையது. பாலத்தின் பாதியில் வண்டி தானாக மெதுவாயிற்று. பிலூ தீவு மேற்கே, முடோன் தெற்கே. ஒரு பக்கம் போய்விட்டு இன்னொரு பக்கம் போக நேரமில்லை. சத்தமில்லாமல் முடோன் பக்கமே போய்விடலாமா என்றும் யோசித்தேன். எந்தத் தைரியத்தில் போவது? அது லுன்னா லீனா என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருடமாக அந்த எழுத்தில் ஒன்றைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. அவள் வாயால் தெரிந்தால்தான் உண்டு. அவளிடம் கேட்க வேண்டுமென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வண்டியை ஓரம் கட்டி போன் செய்தேன்.

"போய்ச் சேந்துட்டீங்களா?"

"இல்ல. பாலத்துல நிக்கிறேன். மி சான், நான் அதத் தொட்டேன்."

"எத?"

"பட்டியல. ஆகஸ்ட்ல பழசுக்கு மாத்தினேன். அக்டோபர்ல திருப்பி மாத்தினேன். உங்கிட்டப் பொய் சொன்னேன்."

திட்டுவாள், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. போலீஸ்காரர் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மொத்தம் எத்தன தடவ?"

"ரெண்டு."

"முதல்ல புதுசுல இருந்து பழசுக்கு. அப்புறம் பழசுல இருந்து புதுசுக்கு. வரிச இதுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுதான்."

"நடுவுல கையால எதையாவது திருத்துனீங்களா? ஒரு எழுத்து? ஒரு புள்ளி?"

"சத்தியமா இல்ல."

"சத்தியம் எல்லாம் வேணாம். ஆமாவா இல்லையா?"

"இல்ல."

விசைப்பலகை சத்தம் கேட்டது. அவள் மூச்சு விடுகிற சத்தமும் கேட்டது. என் பக்கத்தில் ஒரு லாரி போய்ப் பாலம் அதிர்ந்தது. மணி பதினொன்று பதினாலு.

"அப்ப ரெண்டாவும் இருக்கலாம்" என்றாள். "லுன் போயி லுன்னாவே திரும்பி வந்திருக்கலாம். லீன் போயி லுன்னா வந்திருக்கலாம். எண்ணப் பாத்துச் சொல்ல முடியாது, கோ தான். ரெண்டும் இப்ப ஒரே எண்ணு. அழிச்சிட்டீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த மனுஷன் இங்க எதிர் நாற்காலியில உக்காந்திருக்காரு. எம் மூஞ்சியப் பாக்குறாரு. நான் அவர்கிட்ட என்ன சொல்ல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இருங்க. இந்த ஆளு ரத்தம் குடுத்த முகாம்ல படிவம் வாங்கினது யாரு?"

"நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி, மலை மேல விகாரையில."

"நை சொய் ரொட். மொன் எழுத்துல எழுதின ஆளு. ஞாபகம் வருதா? எந்தப் பக்கத்து ஆளு, யாரோட வந்தாரு, என்ன கொண்டு வந்தாரு, ஏதாவது சொல்லுங்க."

நன்றாக ஞாபகம் இருந்தது. அதுதான் வெட்கம். ஓர் ஐம்பது வயது ஆள், குட்டையாக, சிவப்புக் கட்டம் போட்ட லுங்கி. அன்றைக்கு வரிசை படிக்கட்டு வரை நின்றது. இவர் மட்டும் பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வரைந்துகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பர்மிய எழுத்துல எழுதித் தொலைங்களேன், எங்க யாருக்கும் இது படிக்க வராது" என்றேன். அவர் நிமிரக்கூட இல்லை. அப்புறம் நான் இன்னும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்? வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வைத்த பெருமையில் நானும் சிரித்தேன்.

"கோ தான்?"

"சொல்றேன், இரு. அவர் எழுதுறத நான் கிண்டல் பண்ணேன். அவர் முன்னாடியே கேட்டிருந்தாரு, சந்தைக்கிட்ட இருந்து ஆள் ஏத்திட்டுப் போற கடைசி கார் எத்தன மணிக்குன்னு. அதான் நான் சொன்னேன்..." ஒரே மூச்சில் கொட்டினேன். "'நீங்க இந்தப் பூ வேல செஞ்சு முடிக்கிறதுக்குள்ள முடோன் காரு போயிடும்'னு சொன்னேன்."

"முடோன் காரா? நல்லாத் தெரியுமா?"

"தெரியும். அவர் கேட்டது முடோன் காருதான். எல்லாரும் சிரிச்சாங்க."

"திரும்புங்க" என்றாள். "க்வான் லீன். கண்டிப்பா லீன்தான். முடோன் தாண்டி மூணாவது ரப்பர் தோட்டம், இடது கைப் பக்கம் வெள்ளைக் கோபுரம் இருக்கும், அதுக்குள்ள செம்மண் ரோடு. நிக்காதீங்க. போங்க!"

அந்த ரோட்டில் நான் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வயதில் அப்படி வண்டி ஓட்டுவது தப்பு. முடோன் சந்தையில் ஒரு வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தது. அதற்கு வழிவிட்டு நின்ற அரை நிமிடத்தில் நான் பேசிய பேச்சை எழுத முடியாது. வெள்ளைக் கோபுரம் வந்தது. செம்மண் ரோடு வந்தது. ஊருக்குள் நுழைந்து முதலில் பார்த்த பெண்ணிடம் பெயரைச் சொன்னேன். எனக்கு அந்தப் பெயர் சரியாக வாயில் வரவில்லை. மூன்றாம் தரம்தான் அவளுக்குப் புரிந்தது. வீடுகளுக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

நை சொய் ரொட் ரப்பர் பாலைத் தகடாக நசுக்குகிற உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அதே குட்டை ஆள். என்னைப் பார்த்ததும் உருளையை நிறுத்தினார்.

"நீ அந்த காரு போயிடும்னு கத்துன ஆளுல்ல?"

"ஆமாங்க."

"காரு போகல. புடிச்சிட்டேன்."

"ஐயா, ஒரு பொண்ணு சாகக் கெடக்கு. பிள்ள பெத்த பொண்ணு. உங்க ரத்தம் வேணும். ஒரு மணிக்குள்ள போகணும்."

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினார், லுங்கியை இறுக்கிக் கட்டினார், வண்டியில் ஏறினார். ஏறும்போது உள்ளே பார்த்து மொன் பேச்சில் ஏதோ சொன்னார். அடுப்பில் சோறு இருக்கிறது என்றோ என்னவோ. மணி பன்னிரண்டு பதினொன்று.

திரும்பும் வழியில் பாதி தூரம் அவர் பேசவில்லை. நான் காற்றில் கத்தினேன். "ஐயா, அன்னைக்குக் கிண்டல் பண்ணது தப்பு."

"என்னது?"

"கிண்டல் பண்ணது!"

"ரோட்டப் பாத்து ஓட்டுய்யா" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் மி சானும் கோ ப்யே ஸோனும் நின்றார்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. மி சான் என் பக்கம் திரும்பவே இல்லை. நை சொய் ரொட்டின் முழங்கையைப் பிடித்து, மொன் பேச்சில் பேசிக்கொண்டே உள்ளே அழைத்துப்போனாள். இரத்த வங்கி மேஜையில் இருந்த நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். அவர் பேனாவை வாங்கி அழுத்திப் பிடித்தார். எழுத ஆரம்பித்தார். ஒவ்வோர் எழுத்தாக.

சுவர்க் கடிகாரத்தில் ஐம்பத்தேழு ஆயிற்று. ஐம்பத்தெட்டு ஆயிற்று. கோ ப்யே ஸோன் என் தோளைப் பிடித்தான். படிவத்தைப் பிடுங்கி நானே எழுதிவிடலாம் என்று என் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "எழுதட்டும்மா, அவர் எழுதட்டும்" என்றேன். அவர் ஊர்ப்பெயரை எழுதினார். இடையில் பேனாவை எடுக்காமல் அந்தக் குறியைப் போட்டார். அது என்ன குறி என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். பிறகு கட்டிலில் ஏறிப் படுத்தார். மணி ஒன்று.

டாவ் கின் ஸாவின் பை முதலில் ஏறியது. இவருடைய பை இரண்டேகால் மணிக்கு ஏறியது. அது வரை நானும் கோ ப்யே ஸோனும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நான் செய்ததை அவனிடம் சொன்னேன். அவள் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன், சொல்லியிருக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டான். எழுந்து போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். நாலு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, "நின்னுடுச்சு. பொழச்சிக்குவாங்க" என்றார். நான் அழுதேன். அவன் அழவில்லை, குழந்தையைப் பார்க்கப் போய்விட்டான்.

மி சான் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் வேலை முடிந்ததும் மாடிக்கு வந்து, நாற்பது மொன் பெயர்களையும் ஒவ்வொன்றாக போன் செய்து கேட்டுத் திருத்தினாள். எண் செத்துப்போன ஆட்களின் வீடு தேடி சனி ஞாயிறில் போனாள். வண்டி ஓட்டியது நான். பின்னால் உட்கார்ந்து வழி சொல்வாள்: "இடது", "வலது", "நில்லுங்க". அதைப் பேச்சு என்று கணக்கில் சேர்க்க முடியாது.

பன்னிரண்டாம் நாள் பென் டிரைவைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். "தொறந்து பாருங்க."

திறந்தேன். பட்டியலுக்கு மேலே புதிதாக ஒரு பகுதி சேர்த்திருந்தாள். இந்தக் கோப்பு எந்த முறையில் இருக்கிறது, யார் தொட்டார்கள், என்றைக்கு, என்ன செய்தார்கள். முதல் வரியில் ஆகஸ்ட் தேதியும் அக்டோபர் தேதியும் இருந்தன. 'இரண்டு முறை மாற்றினார். சொல்லவில்லை' என்று பர்மிய எழுத்தில் இருந்தது. அதற்கு முன்னால் பெயர். 'தான் வின்' என்று போட்டிருக்கவில்லை. தமிழ் எழுத்தில், ஒரு புள்ளி குறையாமல், 'பழனியாண்டி' என்று இருந்தது.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"கோயில்ல நன்கொடை பலகையில உங்க பேரு இருக்குன்னு பூசாரி காட்டினாரு. பாத்துப் பாத்து அடிச்சேன். சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றேன். நாற்பத்தைந்து வயது எனக்கு. என் பெயரை என் எழுத்தில் இந்த ஊர்க் கணினி ஒன்றில் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். அதுவும் குற்றப்பத்திரிகையில்.

அந்த வரி இன்னும் இருக்கிறது. பட்டியலைத் திறக்கிற ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இது என்ன எழுத்து என்று புதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். அடுத்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். செயலாளர் நான், கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. அந்த வரியை நான் தொடவில்லை.